வலப்பக்கம் தேடிய எண்பது நாள்

1881 செப்டம்பர் 20, பிற்பகல். நியூ ஜெர்சி கடற்கரையில் எல்பரான் என்ற சிற்றூர். அலையோசை கேட்கும் ஒரு வீட்டில், அமெரிக்காவின் 20-ஆம் அதிபர் ஜேம்ஸ் ஆப்ரம் கார்ஃபீல்டின் உடலை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தி பிடித்தவர் ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டாக்டர் டேனியல் லாம்ப். உடன் இருந்தவர்களில் பலர் இரண்டரை மாதத்துக்கும் மேலாக அதிபருக்குச் சிகிச்சை அளித்தவர்கள். முதுகில் நுழைந்த துப்பாக்கிக் குண்டு வலப்பக்கமாகக் கீழே இறங்கி, இடுப்பை நோக்கிப் போயிருக்கிறது என்பதுதான் இத்தனை நாளும் அவர்கள் கொண்டிருந்த முடிவு. அங்கே குண்டு இல்லை. தேடித் தேடிக் கடைசியில் அது இடப்பக்கத்தில், கணையத்துக்குப் பின்னால் கிடைத்தது. உடலே அதைச் சுற்றி ஓர் உறையைக் கட்டி ஓரமாக ஒதுக்கிவைத்திருந்தது.

வலப்பக்கத்தில் இருந்தது சீழ். வெளிக்காயத்தில் தொடங்கி, வலது சிறுநீரகத்தை ஒட்டி இறங்கி, கிட்டத்தட்டத் தொடை இடுக்குவரை ஒரு நீண்ட சீழ்ப்பாதை. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒரு வாக்கியம் உண்டு: சீழ் குடைந்துகொண்டு போன இந்த வழியைத்தான், அதிபர் உயிரோடு இருந்தபோது, குண்டு சென்ற தடம் என்று எண்ணியிருந்தார்கள். அறிக்கையின் அடியில் கையெழுத்திட்டவர்கள், அப்படி எண்ணியிருந்த அதே மருத்துவர்கள்.

கார்ஃபீல்டின் மரணத்தைக் கிருமிகளின் கதையாகச் சொல்வது வழக்கம். கை கழுவாத மருத்துவர்கள், காயத்துக்குள் விட்டுத் துழாவிய அழுக்குச் சலாகைகள், அதனால் வந்த நச்சு. அது சரிதான். ஆனால் எனக்கு அதில் பாதி நிறைவுதான் கிடைக்கிறது. முதல் நாளில் ஒருவர் கைகாட்டிய பக்கத்தை எண்பது நாளும் யாரும் மறுத்துப் பேசாமல் விட்டார்களே, அதுதான் உறுத்துகிறது.

குடிசையிலிருந்து

1831 நவம்பர் 19 அன்று ஒஹையோ மாநிலத்தில் ஒரு மரக்கட்டைக் குடிசையில் பிறந்தவர் கார்ஃபீல்டு. இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் எலைசா நிலத்தில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். பதினாறு வயதில் கடலோடியாகும் ஆசையோடு வீட்டைவிட்டுக் கிளம்பிய பையனுக்குக் கிடைத்தது கால்வாயில் வேலை. படகைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு கரையில் நடக்கும் கோவேறு கழுதைகளை ஓட்ட வேண்டும். நீச்சல் தெரியாது; பலமுறை தண்ணீரில் விழுந்தார். காய்ச்சலோடு வீடு திரும்பியவரைத் தாய் படிப்பின் பக்கம் திருப்பினார். ஹைரம் என்ற ஊரின் கல்விக்கூடத்தில் கட்டணத்துக்கு ஈடாக வகுப்பறைகளைப் பெருக்கித் துடைத்தார். சில ஆண்டுகளில் அதே கல்விக்கூடத்துக்குத் தலைவராகி, தான் பெருக்கிய அறைகளை நிர்வகித்தார்.

உள்நாட்டுப் போரில் கர்னலாகப் போய் மேஜர் ஜெனரலாகத் திரும்பினார். 1863 டிசம்பர் முதல் பதினேழு ஆண்டுகள் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையும் கல்வியும் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்று பதவியேற்பு உரையிலேயே அழுத்திச் சொன்னவர். அதற்காக ஆளைப் புனிதராக்க வேண்டியதில்லை. கிரெடிட் மொபிலியர் ரயில்வே ஊழலில் 329 டாலர் பெற்றதாக அவர் பெயரும் அடிபட்டது. தான் வாங்கியது கடன்தான் என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

இவரிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. 1876-இல் ஒரு கல்வி இதழில் பிதாகரஸ் தேற்றத்துக்கு இவர் கண்டுபிடித்த நிரூபணம் வெளியானது. ஒரே அளவுள்ள இரண்டு செங்கோண முக்கோணங்களை, ஒன்றைப் படுக்கவைத்தும் மற்றதை நிறுத்தியும், முனையோடு முனை தொடும்படி வைத்துக்கொள்ளுங்கள். வெளி முனைகளை ஒரு கோட்டால் இணைத்தால் ஒரு சரிவகம் வரும். நடுவில் கர்ணத்தையே இரு பக்கங்களாகக் கொண்ட மூன்றாவது முக்கோணமும் உருவாகும். சரிவகத்தின் பரப்பை மொத்தமாக ஒருமுறை, மூன்று துண்டுகளாக ஒருமுறை கணக்கிட்டால், தேற்றம் தானாக வந்து விழுகிறது. பள்ளிப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இப்படிப் பொழுது போக்கியிருக்கிறார்.

1880 ஜூனில் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தது. வேறொருவரை முன்மொழிந்து பேசத்தான் இவர் அங்கே போனார். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் வாக்கெடுப்பு இழுத்துக்கொண்டே போக, 36-ஆவது சுற்றில் இவரே வேட்பாளராகிவிட்டார். நவம்பரில் வென்றது பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். மாநாட்டில் தோற்ற அணியைச் சமாதானப்படுத்த, நியூயார்க்கின் செனட்டர் ராஸ்கோ கான்க்ளிங்கின் கையாள் என்று பேர் வாங்கியிருந்த செஸ்டர் ஆர்தரைத் துணை அதிபராக்கியிருந்தார்கள். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

பாரிஸ் பதவி

அன்றைய அமெரிக்காவில் அஞ்சலக எழுத்தர் முதல் தூதர்வரை அரசு வேலை என்பது தேர்தலில் உழைத்ததற்கான கூலி. 1881 மார்ச்சில் பதவியேற்ற கார்ஃபீல்டின் வாசலில் விடிந்ததும் வரிசை நின்றது. அந்த வரிசையில் ஒருவன் சார்ல்ஸ் கீட்டோ. வக்கீல் தொழிலில் தோற்றவன், மதப்பிரசங்கத்திலும் தோற்றவன், தங்கிய விடுதிகளுக்கு வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடுகிறவன். தேர்தலின்போது ஒரு சொற்பொழிவை அச்சிட்டிருந்தான். முன்னாள் அதிபர் கிராண்ட்தான் வேட்பாளர் என்று நினைத்து எழுதியது. ஆள் மாறியதும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டான். அந்த உரையால்தான் கார்ஃபீல்டு வென்றார் என்று நம்பினான். அதற்குக் கூலியாகப் பாரிஸ் நகரத் துணைத் தூதர் பதவி வேண்டும். வெள்ளை மாளிகையின் தாளிலேயே வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். மே மாதம் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பிளேன், பாரிஸ் பேச்சை இனி எடுக்கவே கூடாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பினார்.

அதே வாரங்களில் கார்ஃபீல்டுக்கும் கான்க்ளிங்குக்கும் நியூயார்க் துறைமுகச் சுங்கத் தலைவர் பதவியை யாருக்குக் கொடுப்பது என்பதில் பகிரங்க மோதல். நாட்டின் சுங்க வருவாயில் பெரும்பகுதி வந்துசேரும் இடம் அது; ஆயிரக்கணக்கான வேலைகளும் அதன் கையில். அதிபர் வென்றார்; கான்க்ளிங் கோபத்தில் செனட்டர் பதவியைத் துறந்தார். அதிபர் இல்லாமல் போனால் ஆர்தர் அதிபராவார், கட்சி ஒன்றாகும், எனக்கும் வேலை கிடைக்கும் என்று கீட்டோவின் மூளை கணக்குப் போட்டது. கடன் வாங்கி ஒரு ரிவால்வர் வாங்கினான். கடையில் மரப்பிடியும் இருந்தது, தந்தப்பிடியும் இருந்தது. பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் வைக்கும்போது பார்க்க நன்றாக இருக்கும் என்று தந்தப்பிடியைத் தேர்ந்தெடுத்தான். அந்தத் துப்பாக்கி பின்னாளில் தொலைந்தே போனது என்பது வேறு கதை.

ஜூலை 2, சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. வாஷிங்டனில் பால்டிமோர் அண்ட் பொடோமாக் ரயில் நிலையம். தான் படித்த வில்லியம்ஸ் கல்லூரியின் விழாவுக்குக் கிளம்பிய அதிபர், பிளேனோடு பேசிக்கொண்டே பெண்கள் காத்திருப்பு அறை வழியாக உள்ளே வந்தார். காவலர் யாரும் கூட இல்லை. லிங்கன் கொல்லப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் ஆகியும், அது போர்க்காலத்து விபரீதம் என்றுதான் நாடு நினைத்தது. காலையிலேயே வந்து காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டு, தன்னைச் சிறைக்குக் கொண்டுபோக வண்டியையும் பேசிவைத்துவிட்டுக் காத்திருந்த கீட்டோ, பின்னாலிருந்து இருமுறை சுட்டான். முதல் குண்டு கையை உரசிச் சென்றது. இரண்டாவது முதுகின் வலப்பக்கத்தில் நுழைந்து, விலா எலும்பை முறித்து, முதல் இடுப்பு முள்ளெலும்பைத் துளைத்து, தண்டுவடத்தைத் தொடாமல் இடப்பக்கம் போய் நின்றது. பெரிய ரத்தக்குழாய் எதுவும் அறுபடவில்லை. இன்றைக்கு நடந்திருந்தால் சில வாரங்களில் வீடு திரும்பியிருப்பார் என்பது இதை ஆராய்ந்த மருத்துவர்கள் பலரின் கருத்து.

நோயாளி யாருடையவர்?

முதலில் வந்தவர் நகரச் சுகாதார அதிகாரி டாக்டர் ஸ்மித் டவுன்செண்டு. ரயில் நிலையத்தின் தரையிலேயே காயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அடுத்து வந்தவர்களில் ஒருவர் கறுப்பின மருத்துவர் சார்ல்ஸ் பர்விஸ். போர்வை போர்த்தி, கால்மாட்டில் வெந்நீர்ப் புட்டிகள் வைக்கச் சொன்னார். அன்று சொல்லப்பட்ட யோசனைகளில் கெடுதல் செய்யாதது அதுதான் என்று தோன்றுகிறது.

அந்த நிலையத்தில் போர்த்துறை அமைச்சர் ராபர்ட் லிங்கனும் இருந்தார், ஆப்ரகாம் லிங்கனின் மகன். அவர் ஆள் அனுப்பி வரவழைத்தவர் பிளிஸ். இவருடைய முதற்பெயரே ‘டாக்டர்’. பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர். ஆக, டாக்டர் டாக்டர் பிளிஸ். போர்க்காலத்தில் வாஷிங்டனின் பெரிய ராணுவ மருத்துவமனை ஒன்றை நடத்தியவர். தென் அமெரிக்கச் செடி ஒன்றின் பட்டையால் புற்றுநோய் குணமாகும் என்று விளம்பரம் செய்து பேரைக் கெடுத்துக்கொண்டவரும்கூட. வந்ததும் சலாகையைக் காயத்துக்குள் செலுத்தினார். பீங்கான் முனை கொண்ட பிரெஞ்சுச் சலாகை அது. ஈயத்தில் பட்டால் கறை ஒட்டிக்கொண்டு வரும். முறிந்த விலா எலும்புச் சில்லுகளுக்கு நடுவில் அது மாட்டிக்கொண்டது. பிறகு விரல்.

வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோன பிறகு நடந்தது கையூட்டோ சதியோ இல்லாத ஒரு கைப்பற்றல். நியமன உத்தரவு எதுவும் கிடையாது. அதிபர் என்னைத்தான் கேட்டார் என்று சொல்லிப் பிளிஸ் மற்ற மருத்துவர்களுக்கு நன்றி கூறி அனுப்பிவிட்டார். கார்ஃபீல்டின் சொந்த மருத்துவரான டாக்டர் பாக்ஸ்டர் வெளியூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்தபோது, வாசலிலேயே வாக்குவாதம் நடந்து திரும்ப வேண்டியதாயிற்று. குடும்பத்துக்கு மருத்துவம் பார்த்துவந்த பெண் டாக்டர் சூசன் எட்சன் நோயாளியின் அறையில் இருக்கலாம், ஆனால் செவிலியாக. பிளிஸ் தேர்ந்தெடுத்த சிலரும், நியூயார்க்கிலிருந்தும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் வந்த ஹாமில்டன், அக்னியூ என்ற இரு பெரிய அறுவை மருத்துவர்களும் மட்டுமே சுற்றில் நின்றார்கள்.

குண்டு எந்தப் பக்கம் என்பதற்குக் குறிப்பு இல்லாமல் இல்லை. முதல் மணிநேரங்களிலேயே பாதங்கள் குத்திக் கூசுகின்றன, புலி நகம் கீறுவதுபோல் கால் வலிக்கிறது என்று நோயாளி முறையிட்டார். முதுகெலும்பு அடிபட்டிருக்கிறது என்று அந்த வலியே சொன்னது. முதுகெலும்பைக் கடந்தால் இடப்பக்கம். ஃபிராங்க் பேக்கர் என்ற உடற்கூறு ஆசிரியர் ஒருவர் பத்திரிகைச் செய்திகளை வைத்தே கணக்கிட்டு, குண்டு இடப்பக்கம் போயிருக்கும் என்று படம் வரைந்து சில மருத்துவர்களிடம் காட்டினார். அனுபவமும் புகழும் பெற்றவர்களுக்கு நேர் எதிரான கருத்தை வற்புறுத்துவது முறையல்ல என்று அத்தோடு நிறுத்திக்கொண்டார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் நெருக்கமாகத் தெரிகிற ஆள் அவர்தான். அடக்கம் என்ற நல்ல குணம் அன்று யாருக்கும் உதவவில்லை.

கிருமிக் கோட்பாட்டை அமெரிக்க மருத்துவர்கள் கேள்விப்படாமல் இருக்கவில்லை. கார்பாலிக் அமிலத்தால் காயத்தையும் கருவியையும் கையையும் கழுவும் முறையை பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1867-இல் எழுதிவிட்டார்; 1876-இல் ஃபிலடெல்ஃபியாவுக்கே வந்து விளக்கிப் பேசினார். மூத்தவர்கள் பலர் கேட்டுக்கொண்டார்கள், நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு மருந்தா என்ற ஏளனம்.

அதைவிட வியப்பானது வேறு. உடம்புக்குள் குண்டோடு வாழ்ந்த போர்வீரர்கள் ஆயிரக்கணக்கில் அன்று நாடெங்கும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். பிளிஸ் தன் மருத்துவமனையில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்தவர். குண்டை விட்டுவைக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் நோயாளி அதிபர். நாடே நாளுக்குப் பலமுறை வெளியாகும் அறிக்கைக்காகத் தந்தி அலுவலக வாசலில் காத்து நிற்கிறது. குண்டு எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். சும்மா இருக்க முடியவில்லை.

பெல் கொண்டுவந்த கருவி

தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்கு அப்போது வயது 34. உடலைக் கீறாமலே உலோகத்தைக் கண்டறிய முடியும் என்று அவர் முன்வந்தார். இரண்டு கம்பிச்சுருள்களை மின்னோட்டத்தில் சமநிலையில் வைத்துக்கொண்டால், பக்கத்தில் உலோகம் வரும்போது சமநிலை குலையும். அந்தக் குலைவு தொலைபேசிக் குழலில் இரைச்சலாகக் கேட்கும். இன்று விமான நிலையத்தில் நம்மைத் தடவும் கருவியின் மூதாதை. இரவு பகலாக உழைத்தார். குண்டு பாய்ந்த பழைய போர்வீரர்கள்மேல் சோதித்துப் பார்த்தார், வேலை செய்தது.

ஜூலை 26 மாலை முதல் முயற்சி. கருவியில் ஓர் இணைப்பு தவறாகப் பொருத்தப்பட்டிருந்ததால் இரைச்சல் விட்டுவிட்டு வந்தது. ஆகஸ்ட் 1 அன்று மீண்டும். இம்முறை வலப்பக்கத்தில் மெலிதான ஒலி, ஆனால் ஒரு புள்ளியில் இல்லாமல் பரவலாக. பெல்லுக்குச் சந்தேகம். பிளிஸ் அதைத் தன் கணிப்புக்கான சான்றாகவே எடுத்துக்கொண்டார். விசாரித்தபோது உண்மை தெரிந்தது: அதிபர் படுத்திருந்த மயிர்மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பியால் செய்த இன்னொரு மெத்தை. அன்றைக்கு மிக அரிதான பொருள். பெல் தலையில் வந்து விடிந்தது. ஆனால் கம்பி மெத்தையின்மேல் மட்டும் பழி போட்டால் கணக்கு நேராகாது. கருவியை வலப்பக்கத்தில் மட்டும்தான் நகர்த்த விட்டார்கள். இல்லாத இடத்தில் எந்தக் கருவி வைத்தாலும் இருக்கிற குண்டு எப்படிக் கேட்கும்?

அதே மாதம் 15 அன்று பெல்லுக்குப் பிறந்த ஆண் குழந்தை அன்றே இறந்துபோனது.

உருகிய உடல்

ஜூலை நடுவில் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நாடு நம்பியது. 23-ஆம் தேதி குளிரும் கடுங்காய்ச்சலும் வந்தன. சீழ் வடியக் கீறினார்கள். எலும்புச் சில்லுகளும் துணித் துணுக்குகளும் வந்தன. மீண்டும் கீறினார்கள். ஆகஸ்ட் நடுவில் வயிறு எதையும் ஏற்கவில்லை. மாட்டிறைச்சிச் சாறு, முட்டைக்கரு, விஸ்கி ஆகியவற்றை ஆசனவாய் வழியாகச் செலுத்தினார்கள். காதோரச் சுரப்பியில் சீழ்கட்டி முகம் வீங்கியது. சுமார் 95 கிலோ எடையிருந்த மனிதர் 60 கிலோவுக்கும் கீழே போனார். வாஷிங்டன் வெயிலைத் தணிக்கக் கடற்படைப் பொறியாளர்கள் பனிக்கட்டியில் நனைந்த துணித் திரைகளின் வழியே காற்றை விசிறி அறைக்கு அனுப்பும் இயந்திரம் ஒன்றை அமைத்தார்கள். பல லட்சம் பவுண்டு பனிக்கட்டி கரைந்தது. அறை உண்மையிலேயே குளிர்ந்தது. அந்தக் கோடையில் நோயாளிக்கு வாய்த்த ஒரே சுகம் அதுவாக இருக்கலாம்.

கடலைப் பார்க்க வேண்டும் என்றார். செப்டம்பர் 6 அன்று தனி ரயிலில் எல்பரானுக்குக் கொண்டுபோனார்கள். நிலையத்திலிருந்து வீட்டு வாசல்வரை அரை மைலுக்கும் அதிகமான தண்டவாளத்தை ஊராரும் தொழிலாளர்களுமாக முந்தின இரவே போட்டு முடித்திருந்தார்கள். கடைசி ஏற்றத்தில் எஞ்சின் திணறியபோது மக்கள் பெட்டியைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். செப்டம்பர் 19 இரவு 10.35-க்கு, நெஞ்சருகே தாங்கமுடியாத வலி என்று சொல்லி இறந்தார். ஐம்பதாவது பிறந்த நாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. பதவியேற்று 199 நாள்.

மண்ணீரலுக்குப் போகும் தமனி குண்டின் பாதையில் காயம்பட்டு, புடைத்து, வெடித்திருந்தது என்றது பரிசோதனை. உடல் முழுதும் பரவிய சீழ்நச்சே மூல காரணம் என்பது நெடுங்காலமாகப் பெரும்பாலோர் சொல்வது. 2013-இல் அறுவை மருத்துவர்கள் சிலர் பழைய அறிக்கையை மறுபடி படித்து, பித்தப்பை அழற்சியுற்றுக் கிழிந்திருக்கலாம் என்று வாதிட்டார்கள். எந்த விளக்கத்தை ஏற்றாலும் குண்டு இருந்த இடம் மாறவில்லை.

கீட்டோவின் வழக்கு நவம்பரில் தொடங்கியது. சுட்டதை ஒப்புக்கொள்கிறேன், கொன்றவர்கள் மருத்துவர்கள் என்றான் நீதிமன்றத்தில். அதிபரின் முள்ளெலும்பைச் சான்றுப்பொருளாகக் காட்டினார்கள். அவனுக்குப் புத்தி சரியில்லை என்ற மருத்துவச் சாட்சியம் எடுபடவில்லை. 1882 ஜூன் 30 அன்று தூக்கிலிட்டார்கள்.

காலியான நாற்காலி

அந்த எண்பது நாளும் அமெரிக்காவுக்கு இயங்குகிற அதிபர் இல்லை. கார்ஃபீல்டு படுக்கையிலிருந்து கையெழுத்திட்டது ஒரே ஓர் அரசுத் தாளில். அதிபர் செயலிழந்தால் அதிகாரம் துணை அதிபருக்கு என்கிறது அரசமைப்பு. செயலிழந்தாரா என்று யார் முடிவுசெய்வது, குணமானால் திரும்பப் பெறலாமா என்பதை அது சொல்லவில்லை. ஆர்தர் ஒருமுறை பொறுப்பேற்றால் கார்ஃபீல்டு நிரந்தரமாகப் பதவி இழந்துவிடுவாரோ என்று அமைச்சரவைக்குள்ளேயே கருத்து வேறுபாடு. சுடப்பட்ட அன்று கான்க்ளிங்கோடு பயணம் செய்துகொண்டிருந்த ஆர்தரோ, பதவிக்கு அலைகிறான் என்ற பழிக்கு அஞ்சிப் பொறுப்பேற்க மறுத்தார். செப்டம்பர் 20 அதிகாலை இரண்டேகால் மணிக்குத் தன் வீட்டில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். இந்த ஓட்டையை முழுதாக அடைக்க 1967-ஆம் ஆண்டின் 25-ஆம் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதிபருக்கு நிரந்தரப் பாதுகாப்பு வந்ததும் 1901-இல் அதிபர் மெக்கின்லி கொல்லப்பட்ட பிறகுதான்.

வேலை கேட்டு வந்தவன் சுட்டான் என்ற செய்தி மட்டும் உடனே வேலை செய்தது. கட்சிக்கு உழைத்தவனுக்கே அரசு வேலை என்ற வழக்கத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தவர்களுக்கு ஒரு தியாகி கிடைத்தார். 1883 ஜனவரி 16 அன்று பெண்டில்டன் சட்டம் நிறைவேறியது: போட்டித் தேர்வு, தகுதி அடிப்படையில் நியமனம், ஊழியர்களிடம் கட்சி நிதி பறிப்பதற்குத் தடை. தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்கே அது பொருந்தியது; பிறகு வந்த அதிபர்கள் விரித்துக்கொண்டே போனார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர் ஆர்தர். அதே நியூயார்க் சுங்க அலுவலகத்தில் கட்சிக்காரர்களை நிரப்பியவர் என்பதற்காக 1878-இல் பதவி நீக்கப்பட்டவர் அவர்.

மனைவி லுக்ரீஷியாவுக்காகப் பொதுமக்கள் திரட்டிய நிதி மூன்றரை லட்சம் டாலரைத் தாண்டியது. மென்டர் ஊரிலிருந்த வீட்டில் அவர் ஒரு நூலக அறையைக் கட்டி, கணவரின் தாள்களைத் தீப்பிடிக்காத பெட்டக அறையில் வைத்தார். 1918-இல் இறக்கும்வரை அவற்றைக் காத்தார். அதிபர்களுக்கு நினைவு நூலகம் என்ற வழக்கமே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள்.

பிளிஸ் அரசுக்கு 25,000 டாலருக்குக் கணக்கு அனுப்பினார். இரவு பகல் பாராமல் உழைத்ததில் தன் உடல்நலமும் தொழிலும் கெட்டுவிட்டன என்றார். அதில் பொய் இருந்ததாகத் தெரியவில்லை. அரசு 6,500 தருவதாகச் சொன்னது. இது அவமானம் என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். 1889-இல் இறந்தார்.